சிணுங்காதவள்

ஜனவரி 8

நான் எண்ணி முடித்து எழுதியும் வைத்த பிறகு, தவமணி அண்ணி வந்து என் மகளின் மூச்சை மறுபடி எண்ணினாள். என் எண்ணிக்கையில் நாற்பத்தாறு, அவள் எண்ணிக்கையில் ஐம்பத்தெட்டு. ஒரே குழந்தை, ஒரே நிமிடம், பன்னிரண்டு வித்தியாசம். "வயித்தப் பாக்கோணும் சுகந்தி. நெஞ்சப் பாத்தா பாதிதான் தெரியும்" என்கிறாள். அங்கன்வாடியில் இருபது பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுக்கிறவள் எனக்கு மூச்சுப் பாடம் எடுக்கிறாள்.

நேரில் 'நீங்க' என்றுதான் பேசுகிறேன். கணவரின் அக்காள், வயதில் மூத்தவள், நாங்கள் இப்போது இருப்பதும் அவள் வீடு. இந்த நோட்டில் மட்டும் 'அவள்'. இங்கேயாவது என் இஷ்டம்.

டாக்டர் நஸ்ரின் எழுதச் சொன்ன நோட்டு வேறு. அதில் ஒரு நாளைக்கு மூன்று முறை, செவ்வந்தியின் காலில் கட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் எண்ணையும், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் எழுத வேண்டும். அதில் கோபத்துக்குக் கட்டம் போடவில்லை. அதற்குத்தான் இது.

செவ்வந்தி இருபத்தேழாவது வாரத்தில் பிறந்தாள். தொள்ளாயிரத்து இருபது கிராம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஐம்பது நாள் ஒரு மிஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டது. அந்த மிஷினால்தான் பிழைத்தாள், அதனால்தான் நுரையீரலில் தழும்பும் விழுந்தது என்று டாக்டர் சொன்னாள். இப்போது மூக்கில் மெல்லிய குழாய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கிறது. நிமிடத்துக்கு அரை லிட்டர். எங்கள் வீடு கோத்தகிரிக்கு மேலே, தேயிலை ஃபாக்டரி குவார்ட்டர்ஸ், ஆறாயிரம் அடி உயரம். அங்கே காற்று மெலிசு, குழந்தையைக் கொண்டுபோகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். அதனால் என் கணவர் மேலே, நாங்கள் அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தில். ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு விருந்தாளி மாதிரி வருகிறார்.

எட்டு வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. மூன்று முறை வயிற்றிலேயே போயின. குவார்ட்டர்ஸில் சின்ன அறைக்கு நானே இளம்பச்சை அடித்து வைத்திருக்கிறேன். என் பிள்ளையை என் வீட்டில் படுக்க வைக்க வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஜனவரி 11

காலை 91. சாக்ஸ் இறுக்கமாக இருந்திருக்கும். தளர்த்திவிட்டுப் பார்த்தேன், 92. 93-க்குக் கீழே வந்தால் ஃபோன் பண்ணச் சொல்லியிருக்கிறாள் டாக்டர். இதற்கெல்லாமா ஃபோன். பிள்ளை நிம்மதியாகத் தூங்குகிறாள். 95 என்று எழுதினேன். மதியம் 95 வரத்தான் போகிறது, அதைக் கொஞ்சம் முன்னால் எழுதினேன், அவ்வளவுதான்.

மதியம் 92.

ஜனவரி 12

95, 95, 96. அண்ணி என்னோடு பேசவில்லை. நல்ல நாள்.

ஜனவரி 16

பொங்கலுக்கு அவர் இரண்டு நாள் இருந்தார். இருந்த இரண்டு நாளும் "அக்கா, அக்கா" என்று சமையலறையைச் சுற்றி வந்தார். சின்ன வயதில் அம்மா போன பிறகு அவரை வளர்த்தவளாம். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டே வருடத்தில் கணவர் இறந்து, பிள்ளை இல்லாமல் நின்றுவிட்டது. வளர்த்தது தம்பியோடு நின்றால் சரி.

அங்கன்வாடி வேலையால் அண்ணி இந்தத் தெருவுக்கு டீச்சர். அதனால் எல்லோரும் செவ்வந்தியை 'டீச்சர் பாப்பா' என்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "டீச்சர் பாப்பா தூங்குதுங்களா?" என்று என்னிடமே கேட்கிறாள். நான் யார், ஆயாவா? அண்ணி அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே முறுக்கு எடுத்துக் கொடுக்கிறாள். ஒரு முறைகூட "இது சுகந்தி பாப்பா" என்று திருத்தியதில்லை.

ஜனவரி 20

ஆஸ்பத்திரி. டாக்டர் நஸ்ரினுக்கு முப்பது வயது இருக்குமா என்பது சந்தேகம். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு, சின்னப் பெண் பள்ளி ஆண்டுவிழாவில் டாக்டர் வேஷம் கட்டியது போல இருக்கிறாள். நோட்டைப் புரட்டினாள். அன்று அங்கே கருவியை வைத்துப் பார்த்ததிலும் 94 வந்தது. "எண்ணெல்லாம் ரொம்ப நல்லா இருக்கே" என்றாள். ஆக்சிஜனை அரை லிட்டரிலிருந்து கால் லிட்டராகக் குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணி, "அவசரப்பட வேண்டாமுங்களே டாக்டர்" என்று இழுத்தாள். டாக்டர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அம்மாதான் நல்லா கவனிச்சிருக்காங்க" என்றாள். பஸ்ஸில் திரும்பும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கால் லிட்டரிலிருந்து பூஜ்யம் எவ்வளவு தூரம்? அதற்கப்புறம் மேலே போய்விடலாம்.

ஜனவரி 27

பால் குடிக்கும்போது செவ்வந்திக்கு நெற்றி வியர்க்கிறது. பாதியிலேயே விட்டுவிட்டுத் தூங்கிப்போகிறாள். வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணி மட்டும், "இது நெறஞ்சு தூங்கற தூக்கமில்ல, சலிச்சுப் போய்த் தூங்கறது" என்கிறாள். எது சொன்னாலும் எதிர்ப்பேச்சு.

எதிர்வீட்டுப் பிள்ளை நாள் முழுக்கக் கத்துகிறது. என் மகள் சிணுங்கக்கூட மாட்டாள். குழாயைப் பிளாஸ்திரியோடு பிய்த்து மாற்றும்போதும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படி ஒரு தங்கமான பிள்ளை யாருக்குக் கிடைக்கும்.

காலை 90. எழுதியது 95.

பிப்ரவரி 2

இன்று போய்விட்டு வந்தோம்.

அண்ணிக்குக் கோயம்புத்தூரில் ஒரு நாள் பயிற்சி. ஏழு மணிக்கே போய்விட்டாள். அவர் ஃபாக்டரி நண்பரின் காரை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஃபோனில் பேசி முடிவு செய்ததுதான். "கொஞ்ச நேரம் நம்மூட்டுல படுக்க வெச்சுட்டு அக்கா வர்றதுக்குள்ள எறங்கிறலாம்" என்று அவரும்தான் சொன்னார். பின்னால் யாராவது கேட்டால் இது இங்கே எழுதியிருக்கிறது.

கரண்டு போனால் போடுவதற்கு வைத்திருக்கும் சின்ன சிலிண்டரை எடுத்துக்கொண்டோம். காலில் கட்டும் கருவியை எடுக்கவில்லை. அது வளைவுக்கு வளைவு கூவிக்கொண்டே வரும். பாதி வழியில் குஞ்சப்பனை தாண்டும் வரை சிலிண்டர் திறந்திருந்தது. அதற்கப்புறம் அவள் நன்றாகத் தூங்கிவிட்டாள், வீட்டுக்குப் போய்த் திறந்துகொள்ளலாம் என்று மூடினேன்.

இளம்பச்சை அறையில் படுக்க வைத்தேன். படம் எடுக்க வேண்டும் என்று குழாயைக் கழற்றினேன். குழாய் இல்லாமல் அவள் முகத்தை முழுசாகப் பார்த்து எத்தனை நாள். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிய இடம் மட்டும் சிவந்து இருந்தது. முதலில் கொஞ்சம் வேகமாக மூச்சு வாங்கினாள். பிறகு அதுவும் அடங்கி, அசையாமல் தூங்கினாள். அழவே இல்லை. ஐந்து நிமிடம் என்று நினைத்தது நாற்பது நிமிடம் ஆயிற்று. மலைக்காற்று அவளுக்குப் பிடித்திருக்கிறது. உதடு கொஞ்சம் நீலமாக இருந்தது, குளிர்.

பால் கொடுக்க எழுப்பியபோது எழவில்லை. அவர்தான், "என்ன இப்பிடித் தூங்குது?" என்றார். உள்ளங்காலைச் சுண்டினேன். இரண்டு முறை. மூன்று நான்கு முறையாகவும் இருக்கலாம். விழித்துவிட்டாள். அப்புறம் குழாயைப் போட்டுச் சிலிண்டரைத் திறந்தேன். இறங்கும்போது அவர் மிகவும் வேகமாக ஓட்டினார்.

மாலை 89. 95 என்று எழுதினேன். பயணக் களைப்பு.

பிப்ரவரி 3

அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

நேற்று மேட்டுப்பாளையத்தில் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டு இல்லையாம். எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்கள் மேலே இருந்தோம். காலையில் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"நேத்து ஒம்பதிலிருந்து அஞ்சு வரைக்கும் கரண்டில்ல. பொட்டி ஓடியிருக்காது. சிலிண்டர் முள்ளு ரெண்டு கோடுதான் எறங்கியிருக்குது. அப்ப பாப்பா எதுல மூச்சு வாங்குச்சு?"

"எதிர்வீட்ல இன்வெர்ட்டர் இருக்குங்கண்ணி. பெட்டியை அங்க தூக்கிட்டுப் போய்ப் போட்டேன்."

"அவங்க நேத்து ஊருல இல்ல" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. தம்பிக்கு ஃபோன் போட்டாள். அவர் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டார் என்பது அவள் ஃபோனை வைத்த விதத்திலேயே தெரிந்தது.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. குளிக்கப் போய்விட்டாள். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, பிறகு வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

எனக்கொன்றும் பயமில்லை. மலை ஏறி இறங்கி வந்துவிட்டாள் என் மகள். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்.

பிப்ரவரி 10

ஆஸ்பத்திரி. மனிதர்களைப் பற்றி எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நல்லெண்ணமும் இன்றோடு போயிற்று.

எடை பார்த்தார்கள். மூன்று வாரத்தில் ஐம்பது கிராம்தான் ஏறியிருக்கிறது. டாக்டர் என் நோட்டைப் பார்த்தாள், எடையைப் பார்த்தாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள். "எண் இவ்வளவு நல்லா இருந்தா எடை ஏன் நின்னுபோச்சு? மூச்சு வாங்கறதுக்கே சத்தெல்லாம் செலவாகுற மாதிரி இருக்கு" என்றாள்.

அப்போது அண்ணி தன் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். ஒரு மாதமாக எனக்குத் தெரியாமல் மூச்சு எண்ணி எழுதிவைத்திருக்கிறாள். 58, 60, 62, 64. என் நோட்டில் எல்லாம் 44, 46. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வேவு பார்க்க ஆள் வைத்தால்கூட இவ்வளவு ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் விடவில்லை. "எங்க வீட்டுக்கு எப்ப போகலாம், அதச் சொல்லுங்க" என்றேன். டாக்டர், "நானா சொல்ல வேண்டாம், குழந்தையே சொல்லட்டும்" என்றாள். ஒரு சோதனை இருக்கிறதாம். தூங்கும்போது குழந்தையின் தலையைச் சுற்றிக் கண்ணாடிக் கூடு மாதிரி ஒன்றை வைத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றை விடுவார்களாம். மலைமேல் இருக்கும் காற்றை மாதிரி. இருபது நிமிடம் எப்படி மூச்சு விடுகிறாள் என்று பார்ப்பார்களாம்.

"மூச்சு முட்ட வெச்சுப் பாப்பீங்களா? இது குழந்தையா, எலியா?"

"85-க்குக் கீழே போனா அந்த நொடியே நிறுத்திடுவேன். நான் பக்கத்துலயே இருப்பேன்."

நல்ல நுரையீரல் இருக்கும் குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு வேகமாகும், அப்படியே வேகமாக இருக்கும், போதவில்லை என்றால் விழித்துக்கொண்டு கத்தும் என்று விளக்கினாள். இவளைப் போன்ற குழந்தைகள் சிலருக்கு முதல் ஒரு நிமிடம் வேகமாகிவிட்டு அப்புறம் மூச்சு தளர்ந்துவிடுமாம். விழிக்கவும் மாட்டார்களாம். "அவளுக்குக் கோபம் வரணும்மா. காற்று பத்தலைன்னா கோபம் வந்து எழுந்து அழணும். அதத்தான் பாக்கப்போறேன்" என்றாள்.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்னவோ காது அடைத்த மாதிரி இருந்தது. 20ஆம் தேதி கொடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 12

அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். எனக்குத் தனியாக ரசம் வைத்துக்கொள்கிறேன். அவளும் தனியாக ரசம் வைக்கிறாள். ஒரே அடுப்பில் இரண்டு ரசம்.

பிப்ரவரி 15

90, 91, 90.

எழுதியது 94, 95, 94. டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது, அதனால் கொஞ்சம் குறைத்து எழுதினேன்.

பிப்ரவரி 17

இரண்டாம் தேதியை நான் நினைப்பதில்லை. குளிர்தான். கோத்தகிரியில் பிப்ரவரியில் எல்லோருக்கும் உதடு நீலமாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 20

பால் கொடுத்துத் தூங்க வைத்தேன். என் மடியிலேயே படுக்க வைத்து, தலையைச் சுற்றி அந்தக் கூட்டை வைத்தார்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கட்டியிருந்தது, திரையில் மூச்சு கோடாக ஓடியது. அண்ணி சுவரோரமாக நின்றாள். அவரும் வந்திருந்தார், வெளியே உட்கார்ந்துகொண்டார், பார்க்க முடியாதாம்.

ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைத்து 94-இல் ஆரம்பித்தார்கள். டாக்டர் ஒரு குமிழைத் திருப்பினாள். "இப்ப உங்க ஊர்க் காற்று" என்றாள்.

ஒரு நிமிடம் செவ்வந்தி வேகமாக மூச்சு வாங்கினாள். கோடு அடர்த்தியாக ஏறி இறங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோடு விலக ஆரம்பித்தது. 91, 89. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் இடைவெளி கூடியது. அழு என்று மனசுக்குள் சொன்னேன். என் வாழ்நாளில் அவள் அழ வேண்டும் என்று நான் கேட்டது அதுதான் முதல் முறை. 87. அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எவ்வளவு அமைதியாக இருந்தாள் தெரியுமா. 85. கோடு படுத்துவிட்டது. டாக்டர் வாய்க்குள் எண்ணினாள், ஒன்று, இரண்டு, எட்டு வரைக்கும்.

84-இல் கூட்டை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைத்தார்கள். டாக்டர் குனிந்து உள்ளங்காலைச் சுண்டினாள். இரண்டு முறை. மூன்றாவது முறையில்தான் கண்ணைத் திறந்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் அப்போதே தெரிந்துவிட்டது. இளம்பச்சை அறையில் அவள் தூங்கவில்லை.

"வீட்டுல எப்பவாவது இப்படி ஆச்சா? எழுப்ப எழுப்ப எழாம?" என்று டாக்டர் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"ஆச்சுங்க" என்றாள் அண்ணி, சுவரோரமாக நின்றபடியே. "ரெண்டாந்தேதி. நாந்தான் கோத்தகிரிக்குத் தூக்கிட்டுப் போனேன். இவளுக்கு ஒடம்பு சரியில்ல, படுத்திருந்தா, தெரியாது. குழாயக் கழட்டினது நாந்தான்."

டாக்டர் அவளை நிற்கவைத்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத மாட்டேன். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள் இப்படிச் செய்யலாமா என்றாள். குழந்தை போயிருக்கும், உங்களுக்குப் புரிகிறதா என்றாள். அண்ணி எல்லாவற்றுக்கும் "தப்புதானுங்க" என்றாள். இனி இந்தக் குழந்தையை அண்ணியிடம் தனியாக விடக் கூடாது என்று டாக்டர் காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்தாள். ஆக்சிஜனை மறுபடி அரை லிட்டராக்கினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை மாதமாக நான் கேட்டது அந்தக் காகிதம்தான். என் பிள்ளையைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று பயந்தேன். பிள்ளையைப் பிடுங்கவில்லை, என் தப்பைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்காக இன்னும் அதிகமாக வெறுக்கிறேன்.

பிப்ரவரி 22

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததிலிருந்து அண்ணி செவ்வந்தியைத் தொடவில்லை. அறை வாசலோடு நின்றுவிடுகிறாள். மிஷினுக்கு ஊற்றும் சுத்தமான தண்ணீரை வாங்கிவந்து வாசற்படியில் வைத்துவிட்டுப் போகிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அப்படியே கடைப்பிடிக்கிறாளாம். என்னைக் கொல்வதற்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது.

மதியம் சமையலறையில் வைத்துக் கேட்டேன். "எதுக்காக அப்படிச் சொன்னீங்க? நான் கேட்டேனா?"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "உனக்காகச் சொல்லல. பெத்தவளே இப்பிடிப் பண்ணிட்டான்னு எழுதிப் போட்டு, பாப்பாவ உங்கிட்ட இருந்து பிரிச்சு வெச்சுட்டாங்கன்னா? எனக்கா பால் வருது?"

நான் என் ரசத்தைச் சூடு பண்ணினேன்.

பிப்ரவரி 24

இன்று நெஞ்சை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்து எண்ணினேன். முதலில் தப்பிப்போயிற்று. கையை மெதுவாக வைத்து எண்ணினேன். அறுபத்திரண்டு. மறுபடி எண்ணினேன், அறுபத்தொன்று. நெஞ்சில் மேலோட்டமான மூச்செல்லாம் தெரிவதில்லை, நான் பெரிய மூச்சுகளை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். எண்ணி முடித்து நிமிர்ந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் 94 வரை வந்தது, வீட்டில் அரை லிட்டரிலும் 91 தான் காட்டுகிறது. தினமும் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் ஃபோன் செய்து எண் கேட்கிறாள். 94 என்றேன். இன்று 91 என்று சொன்னால், அரை லிட்டரில் ஜனவரியில் எப்படி 95 வந்தது என்று கேட்பார்கள். ஒரு பொய்யை நிறுத்த முடியவில்லை, அதன் பின்னால் நாற்பது நாள் வரிசையாக நிற்கிறது.

பிப்ரவரி 25

91. 90. 91.

94. 94. 94.

பால் குடித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் விட்டாள். சலித்துப் போய்த்தான் தூங்கினாள். அந்த வார்த்தை சரியான வார்த்தைதான், அவள் சொன்னது என்பதால் மட்டும் தப்பாகிவிடாது.

பிப்ரவரி 26

நர்ஸின் ஃபோனுக்குக் காத்திராமல் கோயம்புத்தூருக்கே போனேன். அவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை.

டாக்டரின் மேஜையில் இரண்டு நோட்டையும் வைத்தேன். இந்த நோட்டில் அவளைப் பற்றி எழுதியிருப்பதை அவள் படித்தால் படிக்கட்டும் என்று இருந்தது. எந்தெந்தத் தேதியில் உண்மையான எண் இருக்கிறது என்று நானே திருப்பிக் காட்டினேன். ஜனவரி 11இலிருந்து. மலைக்குத் தூக்கிப் போனது நான், குழாயைக் கழற்றியது நான், அண்ணி அன்று ஊரிலேயே இல்லை என்றும் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்து, "நானுந்தானுங்க" என்றார். அந்த மட்டிலும் சந்தோஷம்.

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பழைய சீட்டை எடுத்து, கால் லிட்டர் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். "உங்க எண்ண நம்பி நான் குறைச்சேன். பாருங்க, என் கையெழுத்து" என்றாள். அங்கிருந்து விரலை எடுக்கவில்லை. சின்னப் பெண்தான் அவள். அவளைப் பார்த்து வேஷம் கட்டியது போல இருக்கிறாள் என்று எழுதியவள் நான்.

"ஒரு மாசம் இந்தக் குழந்தை கொஞ்சம் கொஞ்சமா மூச்சுத் திணறிட்டு இருந்திருக்கு. அவளுக்குச் சொல்லத் தெரியல. சொல்ல வேண்டியது நீங்க."

முக்கால் லிட்டர் எழுதினாள். ஒரு வருடத்துக்கு மலைப் பேச்சே கூடாது, அதற்குப் பிறகு மறுபடி அதே சோதனை என்றாள். ஆஸ்பத்திரியின் சமூக சேவகி வாரம் ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்ப்பாளாம். அண்ணியைப் பற்றி எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டு, என் பெயர் போட்டு ஒன்று எழுதிக் கோப்பில் வைத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். இன்றைக்குத்தான் அவள் கத்தினாள். தெருவே கேட்டது. "நான் சொமந்துட்டுப் போறேன்னுதானே சொன்னேன்? இப்ப வாராவாரம் ஆபீசரம்மா வந்து நிப்பா. எம்பேச்ச ஒரு நாளாவது கேட்டிருக்கறயா நீ?" நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கத்தி முடித்துவிட்டு அவள் நேராக அறைக்குள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு செவ்வந்தியைத் தூக்கினாள். ஐந்து நாள் தூக்காத கை. நான் தடுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

மார்ச் 9

94, 95, 94. இவை அப்படியே இருக்கும் எண்கள். இப்போது ஒரு வேளை நானும் ஒரு வேளை அவளும் எண்ணுகிறோம், வித்தியாசம் இரண்டுக்கு மேல் போவதில்லை. போனால் மறுபடி எண்ணச் சொல்லிச் சண்டை. எடை பத்து நாளில் இருநூற்று நாற்பது கிராம் ஏறியிருக்கிறது.

அவர் கீழே குடோனுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னால் பண்ணிவிடலாம் என்று நானே சொன்னேன்.

எதிர்வீட்டுப் பெண் இன்றும் 'டீச்சர் பாப்பா' என்றாள். "என் பாப்பாங்க" என்றேன். அண்ணி உள்ளேயிருந்து, "நானும் பாப்பாவும் தூங்கிட்டிருந்தோமுங்க, நீங்க கத்தறதுல எந்திரிச்சாச்சு" என்று அவளை அனுப்பிவைத்தாள்.

மார்ச் 19

ஞாயிற்றுக்கிழமை. அவர் இன்னும் வந்து சேரவில்லை, பதினோரு மணி இருக்கும். சமையலறையில் முருங்கைக்காயை எவ்வளவு நீளத்துக்கு வெட்டுவது என்பதில் எனக்கும் அவளுக்கும் வாக்குவாதம். அப்போது ஒரு குழந்தை அழுதது. இரண்டு பேருமே எதிர்வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்தோம். அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டுப் பழக்கமில்லை. அவள்தான் முதலில் கத்தியைப் போட்டாள்.

செவ்வந்தி இழுத்துவிட்ட குழாய் காதோரம் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் இழுத்திருக்கிறாள், காற்று போதாமல் விழித்திருக்கிறாள். முகம் நீலமாக இல்லை, செக்கச்செவேல் என்று இருந்தது. இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு, வாயை முழுசாகத் திறந்து கத்தினாள். நாங்கள் அறைக்குள் நுழைந்த பிறகுதான் கருவி கூவ ஆரம்பித்தது. 91. கருவிக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணி குழாயை எடுக்கப் போனாள். "நான் போடறேன்" என்று கையைத் தட்டிவிட்டேன். "முருங்கக்கா அரிஞ்ச கை, கழுவிட்டு வா" என்றாள். "உங்க கை மட்டும் என்னவாம்?" என்றேன். அதற்குள் அவள் போட்டுவிட்டாள், பிளாஸ்திரியை நான் ஒட்டினேன், கோணலாக. 93, 95.

டாக்டரிடம் வாராவாரம் பேசும் நாள் நாளைக்குத்தான், இருந்தாலும் இன்றே ஃபோன் போட்டேன். ஒரு தடவை அழுதுவிட்டதால் சோதனையில் தேறிவிட்டாள் என்று அர்த்தமில்லை, முக்கால் லிட்டர் முக்கால் லிட்டர்தான், ஒரு வருடம் ஒரு வருடம்தான் என்றாள். சரி என்றேன். பிறகு, "எவ்வளவு சத்தமா அழுதா?" என்று கேட்டாள். ஃபோனைத் திருப்பிச் செவ்வந்தி பக்கம் காட்டினேன்.

ஏனென்றால் இன்னும் நிறுத்தவில்லை. குழாய் போட்டு, எண் 96 வந்து, அண்ணி தோளில் போட்டுத் தட்டிய பிறகும் அழுதாள். தலையைத் திருப்பி அவளை ஒரு தரம், என்னை ஒரு தரம் முறைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். எங்கள் இரண்டு பேர் மேலும் அவளுக்கு அவ்வளவு கோபம் இருந்தது.